பீச் கூடை வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது: பழுக்க வைப்பது முதல் போத்தலில் அடைப்பது வரை

மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை, நயாகராப் பகுதி பீம்ஸ்வில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாலு கூடை பீச் பழம் வாங்கினேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வந்து சேர இரவு எட்டு மணி. களைப்பு. நாலு கூடையையும் அப்படியே பிறிட்ஜுக்குள் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன். ஒரு கிழமை கழித்து ஒன்றை வெட்டினால் வெளியே சிவப்பும் மஞ்சளுமாக அழகு, உள்ளே ஈரப் பஞ்சு. சாறும் இல்லை, மணமும் இல்லை. அடுத்ததும் அப்படித்தான். மாமிக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பழுக்க முதலே பிறிட்ஜில வைச்சிட்டியோ தம்பி? போச்சு போ."

அடுத்த வருடம் போத்தலில் அடைக்கப் புறப்பட்டேன். ஏழு போத்தலில் மூன்றில் மூடி பிடிக்கவில்லை, ஒரு போத்தல் பானைக்குள்ளேயே வெடித்தது. அதற்கடுத்த வருடம்தான் எல்லாம் சரியாக வந்தது. இரண்டு வருடம் காசும் பழமும் கொடுத்துக் கற்றதை, முதல் தடவை கூடையோடு வீடு போகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் இருப்பது கனடாவின் ஒன்ராறியோ என்பதால் மாதங்களும் விலையும் இந்த ஊருடையவை. மற்றது எங்கும் பொருந்தும்.

1. எந்த மாதம், எந்தப் பழம்

நயாகரா பீச் யூலை கடைசியில் தலைகாட்டும், செப்ரெம்பர் நடுவோடு முடியும். ஆனால் எல்லாக் கிழமையும் ஒரே பழம் வருவதில்லை. முதலில் வருகிற இனங்களில் கொட்டை சதையோடு ஒட்டிக்கொள்ளும். கடித்துத் தின்ன அருமை, வெட்டி அடைக்கப் போனால் அரைவாசி கொட்டையோடு போய்விடும். ஓகஸ்ட் முதல் பாதியில் ரெட்ஹேவன் வரும். அது நன்றாகப் பழுத்தால் கொட்டை ஓரளவு கழன்றுவிடும். அதற்குப் பிறகு வருகிற லோறிங், செப்ரெம்பர் தொடக்கத்து கிறெஸ்ட்ஹேவன் போன்றவற்றில் பழத்தை இரண்டாக முறுக்கினால் கொட்டை கையோடு வரும். தோட்டத்துப் பலகையில் 'ஃபிறீஸ்ரோன்' என்று எழுதியிருந்தால் இந்த வகைதான். போத்தலுக்கும் பிறீசருக்கும் அதையே கேட்டு வாங்குங்கள். கேட்காமல் வாங்கி ஒரு பின்னேரம் முழுக்கக் கத்தியோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கன்னத்துச் சிவப்பு வெயில் பட்ட அடையாளமும் இனத்தின் குணமும்தான். பழுத்ததா என்று அது சொல்லாது. சிவப்புக்குப் பின்னால் இருக்கிற அடி நிறத்தைப் பாருங்கள், முக்கியமாகக் காம்படியில். அங்கே பச்சை ஓடினால் பறித்தது முந்திவிட்டது, அது இனிமேல் இளகும், ஆனால் இனிப்பு ஏறாது. வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் வாங்கலாம். கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பார்க்க வேண்டாம். அழுத்திய இடம் மறுநாள் கறுத்துவிடும். வாங்கப்போவது நீங்கள்தான்.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம்: வெள்ளைச் சதை பீச்சைப் போத்தலில் அடைக்கக் கூடாது. மஞ்சள் பீச்சில் இருக்கிற புளிப்பு கொதிநீரில் வைத்து அடைக்கப் போதும். வெள்ளையில் சில இனங்களில் அந்தப் புளிப்புப் போதாது. போதாவிட்டால் பொட்டுலிசம் என்கிற நோயைத் தருகிற நச்சுக்கு இடம் கிடைத்துவிடும், அது மணத்திலோ நிறத்திலோ தெரியாது. தட்டையான வடை போன்ற பீச் இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் வெள்ளைச் சதைதான். வெள்ளையைத் தின்னுங்கள், உறைய வையுங்கள், அடைக்க வேண்டாம்.

2. வாங்குமுன் கணக்கு

இங்கே பீச் 3 லீற்றர் கூடையில் விற்கும். ஒரு கூடையில் ஏறக்குறைய 2 கிலோ. 500 மில்லி லீற்றர் போத்தல் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 550 கிராம் பழம் போகும். ஆக இரண்டு கூடைக்கு ஏழு சின்னப் போத்தல். முதல் வருடம் இதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

போன ஓகஸ்ட்டில் தோட்டத்தில் நான் கொடுத்தது கூடைக்கு 7 டொலர் சொச்சம். புதுப் போத்தல் ஒரு டசன், மூடியும் வளையமும் சேர்த்து, 18 டொலர். அதில் போத்தலும் வளையமும் வருடக்கணக்கில் வரும். போத்தல் தூக்குகிற இடுக்கி, அகல வாய்ப் புனல் இரண்டும் சேர்ந்து 15 டொலருக்குள். சீனி வீட்டில் இருக்கும். பெரிய பானையும் எங்கள் வீடுகளில் இருக்கும், பிரியாணிப் பானைக்கு இது இன்னொரு வேலை. பெற்றோல் செலவைக் கூட்டினால் கடை ரின் பீச்சைவிட மலிவு என்று சொல்ல முடியாது. மலிவுக்காகச் செய்வதென்றால் செய்ய வேண்டாம்.

காலம்தான் உண்மையான செலவு. ஸ்காபரோவில் இருந்து பீம்ஸ்வில் போக நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணிநேரம், சனிக்கிழமை பின்னேரம் கியூஈடபிள்யூ நெடுஞ்சாலையில் திரும்பி வர அது இரண்டரை. வெயிலில் கார் டிக்கியில் கிடந்தால் பழம் பாதி வெந்துவிடும், அதனால் பின் இருக்கையில் வைத்துக் குளிரூட்டியைப் போடுங்கள். போகுமுன் தோட்டத்தின் இணையப் பக்கத்தையோ பதிவுசெய்த தொலைபேசிச் செய்தியையோ பாருங்கள். அன்று எந்த இனம் இருக்கிறது, நாமே பறிக்க விடுகிறார்களா, காசு மட்டும்தானா என்பதெல்லாம் அதில் இருக்கும். பறிக்கப் போனால் முழுக்கைச் சட்டை போடுங்கள். பீச் தோலின் பூமயிர் கழுத்தில் பட்டால் வீடு வரும்வரை சொறிவீர்கள்.

வியாழன் அல்லது வெள்ளி வாங்கினால் பழம் ஞாயிறு திங்களுக்குப் பதமாக வரும். ஞாயிறு வாங்கினால் பழம் பதமாகிற நாள் நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

3. வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணிநேரம்

என்ன களைப்பானாலும் இதைச் செய்துவிட்டுப் படுங்கள். முழுக் காரியமும் இங்கேதான் தீர்மானமாகிறது.

கூடையைக் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பழைய பத்திரிகைத் தாள் மேல் அடுக்குங்கள். ஒரே அடுக்கு, ஒன்றை ஒன்று தொடாமல், காம்புப் பக்கம் கீழே. கழுவ வேண்டாம். ஈரம் பட்ட பீச்சில் பழுப்பு அழுகல் ஒரே இரவில் பரவும். முதலில் நாணயம் அளவு பழுப்பு வட்டம், மறுநாள் சாம்பல் தூள், அதற்கடுத்த நாள் பக்கத்துப் பழமும் சேர்ந்து போகும்.

அடுக்கும்போதே மூன்றாகப் பிரித்து வையுங்கள்:

அடிபட்டது, கீறியது, பழுப்பு வட்டம் விழுந்தது. அடிபட்டதும் கீறியதும் இன்றிரவே வெட்டிச் சாப்பிட. பூஞ்சணம் வந்ததை வீசிவிடுங்கள், வெட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

காம்பைச் சுற்றிய தோள் பக்கம் விரல் நுனியால் தொட்டால் சற்றே விடுகிறது, மூக்கில் மணம் ஏறுகிறது. இவை பழுத்தவை.

தொட்டால் கிரிக்கெட் பந்து. இவை காத்திருக்க வேண்டியவை. கூடையில் பெரும்பாலானவை இதில்தான் வரும்.

ஒவ்வொரு நாள் காலையும் தேநீர் ஊற்றும்போது இந்த மூன்றையும் மறுபடி பாருங்கள். நேற்றுக் கல்லாக இருந்தது இன்று பழுத்த வரிசைக்குப் போகும். இரண்டு நிமிட வேலை. இதைத் தவறவிட்ட ஒரு நாளில்தான் எனக்கு அரைக் கூடை போனது.

4. பிறிட்ஜ்: எப்போது, எத்தனை நாள்

பீச்சுக்குப் பிடிக்காத குளிர் ஒன்று இருக்கிறது: 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகை செல்சியசுக்கும் நடுவில். நம் வீட்டுப் பிறிட்ஜ் 4 பாகை, சரியாக அதன் நடுவில். பழுக்காத பழத்தை அதில் நாள்கணக்கில் வைத்தால் உள்ளே சதை இளகுகிற வேலை குழம்பிப்போய், சாறு இருந்தும் நாவில் வராத மாவுச் சதை ஆகிவிடும். வெளியில் எடுத்து வைத்தாலும் திரும்பாது. என் நாலு கூடைக்கும் நடந்தது அதுதான். பெரிய குளிர்க் கிடங்குகளில் பூச்சியம் பாகைக்கு ஒட்டி வைப்பதும் இதனால்தான். வீட்டில் அது நமக்குச் சரிவராது.

ஆகவே முறை இதுதான். கல்லாக இருப்பதை மேசையிலேயே விடுங்கள், வெயில் படாத இடத்தில். இரண்டு மூன்று நாளில் தானாகப் பழுக்கும். அவசரம் என்றால் கடதாசிப் பையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். பழம் விடுகிற வாயு உள்ளேயே நின்று சீக்கிரம் பழுக்க வைக்கும். கூட ஒரு வாழைப்பழமோ அப்பிளோ போட்டால் இன்னும் வேகம். ஊரில் மாம்பழத்தை வைக்கோலுக்குள் வைத்து மூடுவோமே, அதே கதை. பிளாஸ்ரிக் பையில் கட்ட வேண்டாம், வியர்த்து அழுகும்.

பழுத்த பிறகு பிறிட்ஜ் நல்லது. மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். தின்ன அரை மணிநேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள், குளிரில் மணம் அடங்கியிருக்கும்.

5. பிறீசர்: சோம்பேறியின் வழி, நல்ல வழி

முதல் வருடக்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். போத்தல், பானை, பயம் எதுவும் வேண்டாம்.

சோம்பேறி வழி: முழுப் பழத்தையும் கழுவித் துடைத்து, தோலோடு தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் போடுங்கள். வேண்டும்போது ஒன்றை எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தால் தோல் சட்டைபோல் கழன்று வரும். சமைக்கவும் அடித்துக் குடிக்கவும் இது போதும். சதை சற்று நிறம் மாறும், கொட்டையை எடுக்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நல்ல வழிக்குத் தோல் உரிக்க வேண்டும். ஒரு பானையில் தண்ணீர் கொதிக்கட்டும், பக்கத்தில் ஐஸ் தண்ணீர்ச் சட்டி. பழத்தின் அடியில் கத்தியால் மெல்லிய பெருக்கல் குறி போட்டு, நாலைந்து பழமாகக் கொதிநீரில் 30 முதல் 60 விநாடி விடுங்கள். எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில். குறி போட்ட மூலையை விரலால் பிடித்து இழுத்தால் தோல் முழுசாக வரும், அடியில் அந்திச் சிவப்பு நிறம் தெரியும். வராவிட்டால் பழம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். அதைத் திரும்பக் கொதிநீரில் போட்டு வேக வைக்காமல் கத்தியாலேயே சீவிவிடுங்கள்.

வெட்டிய பீச் பத்து நிமிடத்தில் பழுப்பேறும். 4 லீற்றர் தண்ணீரில் 500 மில்லிகிராம் விற்றமின் சி மாத்திரை ஆறு பொடித்துக் கரைத்து வையுங்கள். நிறமும் சுவையும் ஏற்றிய மாத்திரை வேண்டாம், எனக்கு ஒருமுறை தோடம்பழ மணத்தில் பீச் கிடைத்தது. வெட்ட வெட்டத் துண்டுகளை அதில் போட்டு, முடிந்ததும் வடித்து, துணியால் ஒற்றி, தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி நாலு மணிநேரம் உறைய விடுங்கள். பிறகு பையில் இரண்டு கப் அளவாகப் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். தட்டில் பரப்பாமல் நேரே பையில் போட்டால் செங்கல்தான் கிடைக்கும்.

பிறீசர் கழித்தல் 18 பாகையில் இருந்தால் 8 முதல் 12 மாதம் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகும் கெட்டுப்போகாது, சுவைதான் மங்கும்.

6. போத்தலில் அடைப்பது

இதற்கு இரண்டு கூடைக்கு மூன்றரை மணிநேரம் ஒதுக்குங்கள். கூட ஒருவர் இருந்தால் இரண்டரை. சின்னப் பிள்ளைகள் அடுப்படியில் நிற்காத நேரமாகப் பாருங்கள்.

பழம் பழுத்தும் உறுதியாகவும் இருக்க வேண்டும். நன்றாகக் கனிந்துவிட்டதைப் போத்தலில் போட்டால் கூழாகும், அதை ஜாமுக்கு ஒதுக்குங்கள்.

*சாமான்.* அடைப்பதற்கென்றே விற்கிற மேசன் போத்தல் வாங்குங்கள். ஊறுகாய்ப் போத்தலும் ஜாம் போத்தலும் வேண்டாம். மூடி இரண்டு பாகம்: தட்டை மூடி, அதைப் பிடிக்கிற திருகு வளையம். வளையத்தைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். தட்டை மூடி ஒரு தடவைக்கு மட்டும். என் மூன்று போத்தல் பிடிக்காமல் போனது, முந்திய வருடம் நண்பர் ஒருவர் கொடுத்த பழைய மூடியைப் போட்டதால். மிச்சம் பிடித்தது 3 டொலர், போனது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பழம்.

*பானை.* போத்தலுக்கு மேல் 2.5 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்று, அதற்கு மேல் கொதிக்க இடமும் இருக்க வேண்டும். போத்தலை நேரே பானை அடியில் வைக்கக் கூடாது, வெடித்த என் போத்தல் அப்படி வைத்ததுதான். தட்டுத் தாங்கி இல்லாவிட்டால் பழைய திருகு வளையங்களை நூலால் சேர்த்துக் கட்டி அடியில் போடுங்கள், சரியாக இருக்கும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரை இந்த வேலைக்குக் கொண்டுவர வேண்டாம். அது வேறு சாமான், இதற்குத் தேவையும் இல்லை.

*பாகு.* ஏழு சின்னப் போத்தலுக்கு நாலரைக் கப் தண்ணீர், ஒன்றே கால் கப் சீனி. கொதிக்க வைத்துக் கரைத்தால் போதும், கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். இது இலேசான பாகு. இனிப்பைக் குறைக்கலாம், சீனி இல்லாமல் வெறும் தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கூட அடைக்கலாம். பழத்தைக் காப்பது அதன் புளிப்பும் கொதிநீரும். சீனி நிறத்துக்கும் சுவைக்கும்தான். வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் இது தெரிந்திருப்பது நல்லது.

*நிரப்புதல்.* போத்தலைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பானைத் தண்ணீரிலேயே சூடாக வைத்திருங்கள். சூடான பாகைக் குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் அடி பிளக்கும். தோல் உரித்து வெட்டிய பழத்தை விற்றமின் சி தண்ணீரில் இருந்து வடித்துப் பாகில் போட்டு ஒரு கொதி வரவிடுங்கள். இப்படிச் சூடாக்கி அடைத்தால் துண்டுகள் மேலே மிதக்காது. பிறகு ஒவ்வொரு போத்தலாக எடுத்து, துண்டுகளை வெட்டிய முகம் கீழே பார்க்க அடுக்கி, பாகை ஊற்றுங்கள். மேலே 1 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட இடைவெளி விடுங்கள். மெல்லிய மரக் கரண்டியைப் பக்கச் சுவரோடு விட்டு இரண்டு சுற்று அசைத்தால் குமிழிகள் கிளம்பி வரும், மட்டம் இறங்கும், திரும்பக் கொஞ்சம் பாகு ஊற்றுங்கள்.

இப்போது போத்தல் வாயை ஈரத் துணியால் துடையுங்கள். ஒரு துளி பாகோ ஒரு நார்ப் பழமோ விளிம்பில் இருந்தால் மூடி பிடிக்காது. மூடியை வைத்து வளையத்தை விரல் நுனியால் திருகி, தடுக்கிற இடத்தில் நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் மாதிரி முறுக்கினால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வழியில்லை.

*கொதி.* போத்தல்களைப் பானையில் இறக்கி மூடி, தண்ணீர் முழுக்கக் கொதித்த பிறகுதான் மணிக்கூட்டைப் பாருங்கள். 500 மில்லி லீற்றர் போத்தலுக்கு 20 நிமிடம், 1 லீற்றர் போத்தலுக்கு 25. பழத்தைச் சூடாக்காமல் பச்சையாக அடுக்கியிருந்தால் இரண்டுக்கும் 5 நிமிடம் கூட. ரொறன்ரோ, மிசிசாகா, பிரம்ரன் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். கடல் மட்டத்தில் இருந்து 305 மீற்றருக்கு மேலே இருப்பவர்கள், ஆரஞ்ச்வில் போல, இன்னும் 5 நிமிடம் கூட்ட வேண்டும். நடுவில் கொதி நின்றால் முதலில் இருந்து எண்ண வேண்டும்.

நேரம் முடிந்ததும் அடுப்பை நிறுத்தி, பானை மூடியைத் திறந்து 5 நிமிடம் விடுங்கள். பிறகு இடுக்கியால் நேராகத் தூக்கித் துவாயின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள். மூடியில் நிற்கிற தண்ணீரைச் சரித்து ஊற்ற வேண்டாம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக "டிக்" என்று சத்தம் வரும், மூடி உள்ளே குழிகிற சத்தம் அது. எல்லாம் சரியாக வந்த வருடம் அதை எண்ணிக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு எண்ணினேன், ஏழாவது இரவு பதினொரு மணிக்கு வந்தது.

12 முதல் 24 மணிநேரம் தொடாதீர்கள். பிறகு நடுவில் அழுத்திப் பாருங்கள். உள்ளே குழிந்து அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது. மேலும் கீழும் அசைந்தால் அதைப் பிறிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் சாப்பிடுங்கள். 24 மணிநேரம் தாண்டாவிட்டால் புது மூடி போட்டு முழு நேரமும் திரும்பக் கொதிக்க வைக்கலாம், ஆனால் பழம் குழையும். வளையத்தைக் கழற்றிவிட்டு, போத்தலைத் துடைத்து, இருட்டான குளிர்ந்த அலுமாரியில் வையுங்கள். நிலவறை இருந்தால் அதுதான் இடம். ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

தெரிந்தவர்கள் சொல்கிற இரண்டு குறுக்கு வழி: சூடான பழத்தைப் போட்டு மூடிப் போத்தலைக் கவிழ்த்து வைப்பது, அவன் அடுப்புக்குள் வைத்துச் சூடாக்குவது. இரண்டிலும் மூடி பிடித்ததுபோல் தெரியும். உள்ளே வெப்பம் போதியளவு போயிருக்காது. "நாங்கள் இருபது வருடமாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வாருங்கள்.

7. மிஞ்சியது: ஜாம், அச்சாறு, வற்றல்

கனிந்தது எல்லாம் ஜாமுக்கு. 1 கிலோ நறுக்கிய சதைக்கு 700 கிராம் சீனி, 3 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. அகலமான தாச்சியில் கிண்டிக்கொண்டே இருங்கள். பிறீசரில் வைத்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும். பீச் தானாக இறுகுகிற பழம் இல்லை, கொஞ்சம் இளகலாகத்தான் நிற்கும். நான் சொன்ன இந்த அளவு பிறிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடிக்கிற ஜாமுக்கு. அலுமாரியில் வைக்க வேண்டுமென்றால் போத்தல் நிறுவனங்கள் சோதித்து வெளியிடுகிற குறிப்பை அளவு மாற்றாமல் பின்பற்றுங்கள்.

கடைசிவரை பழுக்காமல் கல்லாகவே நிற்கும் சில. அவற்றை மாமி அச்சாறு போடுவார்: நீட்டாக வெட்டி, வினாகிரி, அரைத்த கடுகு, செத்தல் மிளகாய், இஞ்சி, உள்ளி, கொஞ்சம் சீனி. சோற்றோடு மாங்காய் அச்சாறுக்குக் கிட்ட வரும். இதையும் பிறிட்ஜில்தான் வைக்க வேண்டும், இரண்டு கிழமை. உள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் புளிப்புக் குறையும், வினாகிரியை நம்பிப் போத்தலில் அடைத்து அலுமாரியில் வைக்கக் கூடாது. எண்ணெய் மூடி ஊற்றினால் கெடாது என்பதும் இங்கே எடுபடாது.

வற்றலுக்கு 6 மில்லிமீற்றர் துண்டு. விற்றமின் சி தண்ணீர் இதற்குக் கடுப்பாக வேண்டும்: அதே ஆறு மாத்திரை, ஆனால் இரண்டு கப் தண்ணீரில், 3 முதல் 5 நிமிடம். உலர்த்தும் கருவியில் 57 முதல் 60 பாகை, எட்டு மணிநேரத்தில் பார்க்கத் தொடங்குங்கள், பன்னிரண்டு பதினைந்தும் எடுக்கலாம். மடித்தால் தோல்போல் வளைய வேண்டும், கிழித்தால் ஈரம் கசியக் கூடாது. பல வீட்டு அவன் அடுப்புகளில் குறைந்த சூடே 77 பாகை, அதில் வெளியே இறுகி உள்ளே ஈரம் நிற்கும். அம்மம்மா பாயில் போட்டுக் காயவைத்த ஞாபகத்தில் நான் பின்வளவில் பரப்பினேன். ரொறன்ரோ வெயிலுக்குச் சூடு போதாது, காற்றில் ஈரம் கூட. முதல் நாள் குளவி, இரண்டாம் நாள் பூஞ்சணம்.

காய்ந்ததைப் போத்தலில் முக்கால்வாசி போட்டு ஒரு கிழமை தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் வியர்வை தெரிந்தால் திரும்பக் கருவிக்குள்.

கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னவோ ஜாமில் போடவோ வேண்டாம். வாதுமைபோல் மணக்கும், அதில் சயனைட் உண்டாக்குகிற பொருள் இருக்கிறது.

8. ஒட்டுத்தாளும் சில விதிகளும்

ஒவ்வொரு போத்தலிலும் பையிலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: திகதி, இனம், என்ன பாகு. எழுதாமல் விட்டால் மார்கழியில் பிறீசரில் இருந்து எடுப்பது பீச்சா பலாவா என்று பார்க்க உருக வைக்க வேண்டிவரும். வளையத்தின் மேல் ஒட்டாதீர்கள், வளையம் கழன்றுவிடும்.

சொந்தக்காரருக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். விற்பதென்றால், கோயில் சந்தையாக இருந்தாலும், முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். ஒன்ராறியோவில் ஜாம் போன்ற ஆபத்துக் குறைந்த உணவுகளுக்கு விதிகள் இலேசு, ஆனாலும் விதி உண்டு.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் போத்தலைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லி லீற்றருக்கு மேற்பட்ட திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், பிளாஸ்ரிக் பையில் கட்டி, துணிக்கு நடுவில். வற்றல் என்றால் இந்தக் கரைச்சலே இல்லை. இறங்குகிற நாட்டின் உணவு விதியை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

9. திறக்கும்போது

மூடி வீங்கியிருந்தால், விளிம்பில் கசிவு காய்ந்திருந்தால், திறக்கையில் பாகு பீய்ச்சினால், பழத்தில் நுரையோ பூஞ்சணமோ இருந்தால் சுவை பார்க்காமல் வீசுங்கள். ஒரு விரல் நுனி அளவுகூட வேண்டாம். சரியான போத்தலில் மூடியை நெம்பும்போது "ப்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும். திறந்த பிறகு பிறிட்ஜில் ஐந்து நாள்.

பழம் முடிந்தபின் அடியில் நிற்கிற பாகை ஊற்றிவிடாதீர்கள். வெறும் தேநீரை ஆறவைத்து அதில் இரண்டு கரண்டி விட்டு, ஐஸ் போட்டு, தேசிக்காய் பிழிந்து குடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பழத்தைவிட அதற்குத்தான் சண்டை.